அன்னார் வாளிச் சின்னத்தில் போட்டியிடுகிறார்

எங்கள் வட்டாரத்தில் ஒருவர் செத்தால் அது முதலில் செத்தவருக்குத் தெரியும். இரண்டாவதாக எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் மைக் பிடித்த நாளிலிருந்து இந்த ஒழுங்கு மாறியதில்லை.

ஒரே ஒரு நாள் மாறியது.

சித்திரை மாதம். காலையில் ஒரு மழை கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. என் ஓட்டோ பள்ள ஒழுங்கை என்கிற சின்னத் தெருவின் வாசலில் நிற்கிறது. கூரையில் இரண்டு லவுட்ஸ்பீக்கர். பின் சீற்றில் வேலாயுதம் முதலாளி. மடியில் மலர்வளையம்.

முதலாளி எங்கள் ஊரில் சீமெந்தும் கம்பியும் விற்கிறவர். அந்தமுறை ஊர்ச் சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நின்றவர். "மணியம், செத்தவீட்டுக்கு விடு" என்று ஏறியவர், பள்ள ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டினார். விட்டேன்.

வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம். ஒழுங்கைக்குக் குறுக்கே முழங்காலளவு தண்ணீர். அதற்கு இந்தப் பக்கம் மேட்டுத் தெருச் சனத்தில் பாதி செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறது. பெண்கள் வெளிறிய சேலையில். ஆண்கள் பேசாமல், வேட்டியை மடித்துக் கட்டுவதா அவிழ்த்துவிடுவதா என்று தெரியாமல்.

என்னைக் கண்டதும் ஒருவர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

"மணியம், எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

எத்தனை மணிக்கு என்பது கிடக்கட்டும், யாரை எடுக்கப்போகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் சாவறிவித்தல் சொல்லுகிறவன் "ஆர் செத்தது?" என்று கேட்பது, தபால்காரன் வீடு வீடாகப் போய் தன் பெயரைக் கேட்பதுபோல இருக்கும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வீட்டுக்காரர் சொல்லுவினம்" என்றேன்.

செத்தவர் யார் என்பதைக் கொஞ்சம் சுற்றிவந்து சொல்கிறேன். போன கிழமை இதே பக்கத்தில் என் கலியாணக் கதையை நேராகச் சொல்லிவிட்டேன் என்று மனுசிக்குக் குறை. "சுத்தி எழுதியிருந்தா ஆருக்கும் விளங்கியிராது. மானம் மிஞ்சியிருக்கும்" என்றாள்.

பட்டியல் வாசித்தவன்

அப்பா குடாநாட்டிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வயல் செய்ய வந்தவர். எனக்கு வயலும் வரவில்லை, படிப்பும் வரவில்லை. வந்தது குரல் மட்டும். அதுவும் அப்பா மாட்டைக் கூப்பிட என்னைக் கத்தவிட்டதால் வந்தது.

சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து இந்த ஊருக்கு வந்து முகாமில் இருந்த காலம். வெளியே போக 'பாஸ்' வேண்டும். பாஸ் கிடைத்தவர்களின் பட்டியலை வாசிக்கச் சத்தமான குரலுள்ள ஒருவர் தேவை என்றார்கள். நான் கை தூக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என் கையைத் தூக்கிவிட்டார்.

பெயர் வந்தவர்கள் என்னை வாழ்த்தினார்கள். பெயர் வராதவர்கள், நான்தான் வேண்டுமென்று விட்டுவிட்டேன் என்று முறைத்தார்கள். பட்டியலை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கிழமையில் படித்ததுதான்.

பிறகு ஓட்டோ வந்தது. ஓட்டோவின் தலையில் லவுட்ஸ்பீக்கர் வந்தது. இரண்டு தொழில். ஒன்று சாவு, மற்றது வாக்கு. சாவு வருடம் முழுக்க நடக்கும். தேர்தல் அரசாங்கத்துக்கு மனம் வந்தால் நடக்கும். அதனால் என் குரல் சாவுப் பக்கமே சாய்ந்துவிட்டது.

எவ்வளவு சாய்ந்தது என்றால், ஒருமுறை கோயில் திருவிழாவில், "ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று தவறிவிட்டது" என்று அறிவித்தேன். தாய் மயங்கி விழுந்தாள். பிள்ளை ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் நின்று நக்கிக்கொண்டிருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது காணாமல்போன பிள்ளைதான். நான் சொன்னபடியால் செத்துவிட்டது.

இல்லாத மதகின் வரலாறு

எந்த ஊர்ச் சபை என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கே ஒரு கையொப்பத்துக்குப் போகவேண்டியவன்.

எங்கள் வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றை எழுத ஒரு மதகு போதும். இல்லாத மதகு.

வட்டாரத்துக்கு இரண்டு பாதி. மேலே மேட்டுத் தெரு. என்னைப்போல் குடாநாட்டுப் பக்கத்து ஆட்கள். கீழே பள்ள ஒழுங்கை. மலைநாட்டில் கலவரங்களுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். இரண்டுக்கும் நடுவில், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அது ஒழுங்கையின் வாசலைக் குறுக்கறுத்துப் போகிறது. கோடையில் வெறும் பள்ளம். ஒரு மழை பெய்தால் முழங்கால். மாரியில் நெஞ்சு. அதன்மேல் நடந்து போக ஒரு சின்னக் கொங்கிறீற்றுப் பாலம், அதுதான் அந்த மதகு.

நான் அறிவித்த முதல் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வாய்க்கால்வரை வந்தார். ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேருக்கு வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லை என்று யாரோ காதில் சொன்னார்கள். "தண்ணி கூடவாக் கிடக்கு" என்று திரும்பிவிட்டார். அது ஆடி மாதக் கோடை.

அடுத்த தேர்தலுக்குள் ஒழுங்கைக்காரருக்குப் பெயர் பதிவாகிவிட்டது. உடனே நாலு பேர் வந்தார்கள். ஒருவர் அளவு நாடா கொண்டுவந்து வாய்க்காலை அளந்தார். வென்ற பிறகு, அளவு எழுதிய துண்டு துலைந்துவிட்டது என்றார். ஒழுங்கைச் சனம் அந்த வருடத்தை இன்றைக்கும் 'நாடா வந்த வருசம்' என்றுதான் சொல்லும்.

நடுவில் சபையே இல்லாத காலமும் வந்தது. கொழும்பு நியமித்த அதிகாரி ஒருவர் சபை வேலைகளைப் பார்த்தார். அப்போதுதான் தெருவிளக்கு ஒழுங்காக எரிந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். தேர்தல் இல்லாவிட்டால் எனக்குப் பாதித் தொழில் போய்விடும்.

சண்டை முடிந்தபிறகு வந்த தேர்தலில் ஒருவர் இரண்டு கொங்கிறீற்றுக் குழாயைக் கொண்டுவந்து ஒழுங்கை வாசலில் இறக்கினார். சனத்துக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஆடுகள் நம்பின. குழாய்க்குள் போய்ப் படுத்தன. அவர் தோற்றார். மற்ற நாள் டிராக்டர் வந்து, ஆடுகளைக் கலைத்துவிட்டு, குழாயை ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு வட்டார முறை வந்தது. இனி உங்களுக்கென்றே ஒரு உறுப்பினர் என்றார்கள். வந்த உறுப்பினர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். எல்லைக்கோடு வாய்க்காலின் நடுவால் போகிறது. "ஒழுங்கை என்ர வட்டாரம். வாய்க்கால் பக்கத்து வட்டாரம்" என்றார். பக்கத்து வட்டாரத்து உறுப்பினர், "வாய்க்கால் என்ரதுதான். ஆனா மதகு கட்டுறது வாய்க்காலுக்கோ, ஒழுங்கைக்கோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர்கள் இரண்டு பேரும் பதவிக்காலம் முழுக்க அதை யோசித்தார்கள்.

அதற்கடுத்த தேர்தல் நடக்கவேயில்லை. வேட்புமனு எடுத்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள், ஒத்திவைத்தார்கள். வேலாயுதம் முதலாளி முதல்முறையாக அரசியலில் இறங்கியது அப்போதுதான். நாலு வெள்ளைச் சேட்டு தைத்தவர், தேர்தல் வருமட்டும் வைத்திருந்து, கடைசியில் சீமெந்துக் கடைக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

இத்தனை தேர்தலிலும் 'மதகு கட்டித் தருவோம்' என்று வாக்குக் கொடுத்தது கட்சிகள் என்று நீங்கள் நினைப்பீர்கள். கட்சி மாறியது, கொடி மாறியது, ஆள் மாறியது. பள்ள ஒழுங்கைச் சனத்தின் காதில் விழுந்தது ஒரே குரல். என்னுடையது.

மூன்று மணிக்குப் புறப்படாதவர்

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிக்காமல் எழுதவேண்டியிருக்கிறது.

பள்ள ஒழுங்கையில் மாரிமுத்து அண்ணர் என்று ஒருவர் இருந்தார். சபைத் தொழிலாளி. ஊர் முழுக்க வாய்க்கால், வடிகால், கான் எல்லாம் துப்புரவாக்கியவர். தன் வீட்டு வாசலில் ஒரு மதகு இல்லாதவர். ஒரு மாரியில் காய்ச்சல் வந்து செத்துப்போனார்.

வழக்கம்போல ஒழுங்கை வாசலில் ஓட்டோவை நிற்பாட்டி, உள்ளே போகாமல், விவரம் எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு போய் அறிவித்தேன். "பூதவுடல் பிற்பகல் மூன்று மணிக்குத் தகனக் கிரியைக்காக எடுத்துச் செல்லப்படும்." சனம் மூன்று மணிக்கு வந்தது. அதற்குள் குளம் வான் பாய்ந்துவிட்டது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் சனம், அந்தப் பக்கம் பெட்டி. நடுவில் அவர் ஆயுள் முழுக்கத் தூர்வாரிய வாய்க்காலின் தண்ணீர்.

பெட்டி மற்ற நாள் பின்னேரம்தான் வெளியே வந்தது.

என் தொழிலில், நான் சொன்ன நேரத்துக்குப் புறப்படாத ஒரே மனிதர் அவர்தான். என்னை யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய மனுசி இராசாத்தி அக்கா மட்டும் ஒருநாள் சந்தையில் கண்டு சொன்னா: "மூணு மணின்னு நீ சொன்னதும், நானும் மூணு மணிக்கே அழுதுட்டேன் தம்பி. அப்புறம் அழுறதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

புத்தகமா, கொங்கிறீற்றா

கடைசியாக நடந்த தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் பெண் வேட்பாளர் குறைந்தது. பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். இராசாத்தி அக்காவிடம் போய், "பேரை மட்டும் தாங்கோ அம்மா, மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார்கள். அவா பெயரைக் கொடுத்தா. மிச்சத்தையும் தானே பார்க்கத் தொடங்கிவிட்டா. குழுவுக்குப் பெரிய அதிர்ச்சி.

சின்னம் வாளி. அவா வீட்டிலிருந்த நீல நிற வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படலை படலையாகப் போனா. "வாளிக்குப் போடுங்க" என்று சொல்ல, சிலர் உண்மையாகவே அரிசி போட்டார்கள்.

ஒருநாள் என் ஓட்டோவை மறித்தா.

"தம்பி, எல்லாருக்கும் சொன்ன வாய்தானே. எனக்கும் சொல்லு."

"அக்கா, உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்? வெண்டு போனாலும் அங்க நீங்கள் தனி ஆள்."

"எனக்கு வெளக்கு வேணாம், மைதானம் வேணாம். கல்வேட்டு ஒண்ணு. அவ்ளோதான்."

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால், செத்தவரைப் பாடி முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். அதுவும் என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்தான்.

"அண்ணருக்கு அப்பவே அடிச்சதுதானே அக்கா? எனக்கும் ஒண்டு தந்தனீங்கள்."

அவா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அது புத்தகம். நான் கேக்கிறது கொங்கிறீட்டு. சபையில ஓவசியர்மார் மதகுக்கு இங்கிலீசுல அப்பிடித்தான் சொல்லுவாங்க. அவரும் சாகிற வரைக்கும் கல்வேட்டு, கல்வேட்டுன்னுதான் கேட்டாரு. நீங்க புத்தகத்த குடுத்துட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவாவுக்கு வரவில்லை. பிறகு எனக்கும் நின்றுவிட்டது.

"சொல்லுறன் அக்கா" என்றேன்.

ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கியம்

இனி என் பிழைக்கு வருகிறேன். அதை நான் பிழை என்று அறிந்தது பிறகுதான். வீட்டு வாசலில் நின்று கேட்ட மனுசி சொல்லி.

அந்தச் சித்திரை மாதத்துக் காலை. மற்ற வேட்பாளர்களை அறிவிப்பது சுலபம். கட்சி, சின்னம், ஒரு பாட்டு, முடிந்தது. இராசாத்தி அக்காவுக்குப் பாட்டு இல்லை. அதனால் ஆளைப் பற்றி நாலு வசனம் சொல்லுவோம் என்று தொடங்கினேன்.

"மாத்தளையைப் பிறப்பிடமாகவும், எமது வட்டாரத்தை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி மாரிமுத்து இராசாத்தி அவர்கள்..."

இந்த வசனத்தைச் சாவறிவித்தலில் ஆயிரம் தடவை சொன்ன வாய். தண்டவாளத்தில் ஏறிய ரயில்போல அது தன்பாட்டில் போகத் தொடங்கிவிட்டது.

"அன்னார், காலஞ்சென்ற மாரிமுத்து அவர்களின் அன்பு மனைவியும்..."

எங்கள் ஊரில் 'அன்னார்' என்ற சொல்லை உயிருள்ளவருக்கு யாரும் சொல்வதில்லை. அகராதியில் 'அத்தகையவர்' என்று மரியாதையாகத்தான் இருக்கிறதாம். அகராதி ஓட்டோவில் வருவதில்லை. அன்னார் என்று கேட்டால் சனம் அடுத்ததாகக் கேட்பது, பெட்டி எப்போது எடுப்பார்கள் என்பதுதான்.

ஓடுகிற ஓட்டோவில் அறிவித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கியம்தான். மேட்டுத் தெருவுக்குக் கிடைத்தது 'அன்னார்'. அதற்கடுத்த சந்திக்குக் கிடைத்தது 'அன்பு மனைவி'. 'வாளிச் சின்னத்துக்கு நேரே புள்ளடியிடுங்கள்' என்ற பகுதி பஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கே நெடுங்கேணி பஸ்ஸுக்கு நின்ற ஒருவருக்கும் எங்கள் வட்டாரத்தில் வாக்கு இல்லை.

எங்கள் வீடு மேட்டுத் தெருவில். மனுசி அடுப்பை அணைத்துவிட்டு, தலைக்கு வார்த்து, வெளிறிய சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். கட்டின புருசன் சொன்ன வேறு எதையும் அவள் அப்படி உடனே நம்பியதில்லை.

ஆத்மாவுக்குக் கொடுத்த வாக்கு

இப்போது ஒழுங்கை வாசலுக்குத் திரும்பி வருவோம். முழங்காலளவு தண்ணீர், செருப்பைப் பிடித்தபடி சனம், ஒன்றும் தெரியாமல் துக்கம் காட்டுகிற நான்.

முதலாளி இறங்கினார். சேறு அவருடைய ஒரு செருப்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. சனத்தைப் பார்த்தார். இவ்வளவு சனத்தைத் தன் கூட்டங்களில் அவர் கண்டதில்லை. மலர்வளையத்தை என்னிடம் தந்துவிட்டு, மைக்கைத் தா என்று கை நீட்டினார்.

"முதலாளி, செத்தவீட்டில..."

"ரெண்டே ரெண்டு வார்த்தை. தா."

கொடுத்தேன். கொடுத்துத்தானே பழக்கம்.

"அன்பான உறவுகளே," என்று தொடங்கினார். "எதிரணியில நிண்டாலும், அவா எனக்கு உடன்பிறவாச் சகோதரி. இந்தத் தண்ணியைப் பாருங்கோ. இந்தத் தண்ணிக்குள்ளால எத்தினை வருசம் நடந்திருப்பா? இண்டைக்கு அவாவின்ர கடைசிப் பயணத்துக்கும் இந்தத் தண்ணி குறுக்க நிக்குது. நான் சபைக்குப் போனா, முதல் வேலையா இந்த இடத்தில ஒரு மதகு கட்டுவன். அவாவின்ர நினைவா கட்டுவன். இது இராசாத்தி அக்காவின்ர ஆத்மாவுக்கு நான் குடுக்கிற வாக்கு!"

பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. என் மனுசியின் விசும்பல் எனக்குத் தனியாகத் தெரியும்.

 இராசாத்தி அக்காவா? காலையில்தானே பெயர் சொல்லி அறிவித்தேன்! நல்லாயிருந்த மனுசி...

அப்போது ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில், பூவரசம் வேலியின் திருப்பத்தில், நீல வாளி ஒன்று தெரிந்தது. வாளிக்குப் பின்னால் இராசாத்தி அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெற்றிக்குக் கையை வைத்துச் சனத்தைப் பார்த்தா.

"யாரு செத்தது?" என்று உரக்கக் கேட்டா.

 மைக் மட்டும் 'கொய்' என்று சத்தம் போட்டது.

"தம்பி மணியம், யாரு?"

பதில் சொல்லவேண்டியது நான்தான். என் கையில் மலர்வளையம். அதில் எழுதியிருந்த பெயரை அப்போதுதான் வாசித்தேன்.

"நீங்கள்தான் அக்கா," என்றேன்.

முதலில் சிரித்தது அவாதான். பிறகு ஒழுங்கை சிரித்தது. கடைசியாக, மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்து, மேட்டுத் தெருவும் சிரித்தது. முதலாளி மட்டும் ஒற்றைச் செருப்போடு நின்று, "டேய் மணியம், உன்னை..." என்று பல்லைக் கடித்தார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. 'உன்னை' என்பதுவரை ஊருக்குக் கேட்டது.

இராசாத்தி அக்கா தண்ணீருக்குள் இறங்கி நடுவரைக்கும் வந்தா.

"முதலாளி, இப்ப பேசினதெல்லாம் கேட்டேங்க. மனுசருக்குக் குடுத்த வாக்க மாத்திக்கலாம். ஆத்மாவுக்குக் குடுத்தத மாத்தக்கூடாதுங்க. நான் செத்த மாதிரியே இருந்துக்கிறேன். நீங்க கட்டிடுங்க."

பிறகு சனத்தைப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. தண்ணிக்குப் பயப்படாம வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றா.

மேட்டுத் தெரு ஒருவரை ஒருவர் பார்த்தது. என் மனுசிதான் முதலில் இறங்கினாள். கட்டி வெளிக்கிட்ட சேலை வீணாகக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. அவளுக்குப் பின்னால் நான். இருபது வருடத்துக்கு மேல் அந்த ஒழுங்கை வாசலில் ஓட்டோவை நிற்பாட்டி, துண்டை வாங்கிக்கொண்டு திரும்பியவன், அன்றைக்குத்தான் உள்ளே போனேன். 'ஓட்டோ தாழும்' என்பது என் வழக்கமான சாட்டு. நடந்து போவதற்கு என்ன சாட்டு வைத்திருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

தேத்தண்ணியில் இஞ்சி போட்டிருந்தது. நல்ல தேத்தண்ணி.

மறுப்பு அறிவித்தல்

பிழையைத் திருத்தவேண்டும் அல்லவா? மற்ற நாள் காலையிலிருந்து ஓட்டோவில் சுற்றினேன்.

"திருமதி மாரிமுத்து இராசாத்தி அவர்கள் உயிருடன் இருக்கிறார் என்பதை உற்றார், உறவினர், நண்பர்களுக்கு அறியத் தருகின்றோம்."

என் குரலில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நான் உயிருடன் இருக்கிறார், இருக்கிறார் என்று சொல்லச் சொல்ல, சாவு உறுதியாகிக்கொண்டே போனது. நெளுக்குளத்தில் இருக்கிற அவாவின் சம்பந்தி வீட்டார் இரண்டாம் நாள் அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள்.

தேர்தல் முடிந்தது. முதலாளி வென்றார். இராசாத்தி அக்கா இரண்டாவது. பெரிய இடைவெளி இல்லை. ஒரு தெருவளவு இடைவெளி. ஒழுங்கை முழுக்க வாளிக்குப் போட்டிருந்தது. ஒழுங்கை வாசலுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர்களிலும் பலர் போட்டார்கள். வராதவர்கள்தான் கவிழ்த்துவிட்டார்கள்.

வாக்குச்சாவடியிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரை மனுசி கேட்டாளாம். அவர் சொன்னாராம்: "நல்ல மனுசிதான். ஆனா செத்தவைக்குப் போட்டு வோட்டை ஏன் பழுதாக்குவான்?"

 ஒரு சொல்லால் ஒரு ஆளைக் கொல்லலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு சொல்லால் ஒரு உறுப்பினரையும் கொல்லலாம்.

தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்கைக்குப் போனேன். இராசாத்தி அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"அக்கா, என்னாலதான்..."

"நான் சபைக்குப் போறதுக்கா நின்னேன்? கல்வேட்டுக்குத்தானே. இனி அந்த முதலாளிய விடுறேனா பாரு" என்றா. கண் கலங்கியிருந்தது. வெங்காயம்தான் என்று அவா சொன்னா. நான் நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

கல்

சபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அது இருப்பது அதுவரை சபைக்கே ஞாபகமில்லை. ஒவ்வொரு மாதமும் இராசாத்தி அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போய் முன் வாங்கில் இருந்தா. வாய் திறக்கமாட்டா. முதலாளி எழும்பிப் பேசத் தொடங்கினால் நிமிர்ந்து இருப்பா. அவ்வளவுதான்.

மூன்றாவது கூட்டத்தில் தவிசாளர் கேட்டாராம், "அந்த அம்மா ஆர்?"

முதலாளி பதில் சொல்லமுதல் அவாவே சொன்னாவாம். "நான் இவரு வாக்குக் குடுத்த ஆத்மாங்க."

சபை சிரித்தது. சிரிப்புக்குப் பிறகு பேப்பரில் வந்தது. பேப்பரில் வந்த பிறகு முதலாளிக்கு வேறு வழியிருக்கவில்லை. பக்கத்து வட்டாரத்து உறுப்பினரோடு கதைத்து, வாய்க்காலுக்கும் ஒழுங்கைக்கும் ஒரு சமாதானம் செய்து, பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார். அவரைச் சும்மா சொல்லக்கூடாது. கொங்கிறீற்றுப் போட்ட மூன்று நாளும் வெயிலில் நின்று பார்த்தார். ஆத்மாவுக்குப் பயந்தாரா, அடுத்த தேர்தலுக்குப் பயந்தாரா தெரியாது. மதகு பலமாக வந்தது.

திறப்பு விழாவுக்கு அறிவித்தல் நான். 'அன்னார்' என்ற சொல்லை வாய்க்கு வராமல் பிடித்துவைக்க, கன்னத்தில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு பேசினேன்.

முதலாளி திரையை இழுத்தார். பளிங்குக் கல். பொன் எழுத்து.

'அமரர் இராசாத்தி நினைவு மதகு.'

முதலாளி அன்றைக்கு மைக்கில் சொன்னதைப் பேப்பர் எழுதியது. பேப்பரைப் பார்த்து யாரோ சபைக் கோவையில் எழுதினார்கள். கோவையைப் பார்த்துக் கல் வெட்டுகிறவர் வெட்டினார். ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். முதல் ஆளைத் தவிர. அன்னார் என்று தொடங்கிவைத்த அந்த முதல் ஆள் மைக்கோடு நின்று மதகின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா," முதலாளி தலையில் கை வைத்தார். "மாத்துவம். அடுத்த கூட்டத்தில ஒரு திருத்தப் பிரேரணை..."

இராசாத்தி அக்கா கல்லைத் தடவிப் பார்த்தா. எழுத்தெல்லாம் ஆழமாக இருக்கிறதா என்று விரலால் சோதித்தா.

"வேணாங்க. பிரேரணை வச்சு, குழு போட்டு, நீங்க மாத்தி முடிக்கிறதுக்குள்ள நானே இத உண்மையாக்கிடுவேன். இருக்கட்டும். அவரு கேட்டது வந்திருச்சு."

அந்த மாரியில் குளம் வான் பாய்ந்தது. தண்ணீர் மதகுக்குக் கீழால், யாரையும் தொடாமல், பேசாமல் போனது. நான் முதல்முறையாக ஓட்டோவை ஒழுங்கைக்குள் விட்டேன். யாரோ ஒருவரின் கலியாண அறிவித்தல். அதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டவர்களின் துணிச்சலைப் பாராட்டவேண்டும்.

இராசாத்தி அக்கா மதகின் ஓரக் கட்டில் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தா. தன்னுடைய கல்லில் முதுகைச் சாய்த்தபடி.

"தம்பி, நில்லு. ஒண்ணு சொல்லணும். எனக்கும் ஒருநாள் நீதான் சொல்லுவ."

"ஏன் அக்கா இப்ப அந்தக் கதை?"

"ஏன்னா கல்லு காத்துக்கிட்டிருக்கு. அன்னார்னு சொல்லு, என்னவேணா சொல்லு. அப்ப ஒண்ணும் பிழையில்ல. ஆனா நேரத்த மட்டும் தைரியமா சொல்லு. இனி யாரும் அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருக்கத் தேவையில்ல."

  மைக்கைக் கையில் பிடித்தபடியே சொன்னேன்.

"மூண்டு மணி எண்டா, மூண்டு மணிதான் அக்கா."

மைக் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மேட்டுத் தெருவில் படலைகள் ஒவ்வொன்றாகத் திறபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"மணியம்! ஆருக்கு மூண்டு மணி?"

இராசாத்தி அக்கா என் கையிலிருந்து மைக்கை வாங்கினா.

"எனக்குத்தாங்க!" என்றா. "நாள் இன்னும் குறிக்கல. போய்ச் சமையலப் பாருங்க!"